உங்களுக்கு மாதம் எவ்வளவு வருகிறது?

இந்தப் பகுதிக்கு இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில், அதாவது பொருளையும் விற்று, விற்க ஆளையும் சேர்த்து, அவர்கள் வாங்குவதில் கமிஷன் பெறுகிற தொழிலில் இருப்பவர்கள், யாரையாவது சேர்க்க பிளான் காட்டப் போகிறார்கள். எதிரில் இருப்பவர் வட்டம் வட்டமாக வரைந்த தாளை முழுக்கப் பார்த்துவிட்டு, “அதெல்லாம் சரி, உங்களுக்கு எவ்வளவு வருது?” என்கிறார். அதோடு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

நான் 11 வருடம் அந்த வட்டங்களை வரைந்தவள். ஒரு சமயம் என் டீமில் 140 பேர்வரை இருந்தார்கள். இப்போது பொருள் மட்டும் விற்கிறேன், ஆள் சேர்ப்பதை நிறுத்தி நாளாகிறது. முதல் 4 வருடம் இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்களை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அதனால் யாரையும் திட்டுகிற தகுதி எனக்கு இல்லை. கணக்குப் பேசலாம், அது தெரியும்.

கே: சேர்ந்து 5 மாதம் ஆகிறது. இதுவரை வந்ததைக் கூட்டினால், சேரும்போது வாங்கிய பொருள்களின் விலையில் பாதிகூடத் தேறாது. வருமானம் கேட்டால், ‘கேள்வியைத் திருப்பிப் போடு, உங்களுக்கு மாதம் எவ்வளவு வந்தால் போதும் என்று கேள்’ என்று அப்லைன், அதாவது எனக்கு மேலே இருப்பவர், சொல்லிக்கொடுத்திருக்கிறார். போன வாரம் ஒருவரிடம் அப்படியே கேட்டேன். “நான் கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க” என்றார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

ப: “5 மாதம் ஆகிறது, போட்டதில் பாதிகூட இன்னும் திரும்பவில்லை” என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. உங்களால் எனக்கு எழுத முடிந்ததை அவரிடம் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

கேள்வியைத் திருப்பிப் போடுகிற வித்தை எனக்கும் சொல்லிக்கொடுக்கப்பட்டது. கூடவே இன்னும் இரண்டு. ஒன்று, மேலே இருக்கிற யாரோ ஒருவரின் கதையைச் சொல்வது: ‘என்னை விடுங்க, எங்க லீடர் மூணே வருஷத்துல வேலையை விட்டுட்டார்.’ இன்னொன்று, ‘அது அவங்கவங்க உழைப்பைப் பொறுத்தது.’ மூன்றையும் நான் மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது சாமர்த்தியமாகத் தோன்றும். ஒருநாள் வேறொரு கம்பெனிக்காரர் என்னிடமே வந்து பிளான் காட்டினார். நான் வேண்டுமென்றே வருமானத்தைக் கேட்டேன். அவர் அதே மூன்றையும் அதே வரிசையில் சொன்னார். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டபோதுதான் தெரிந்தது, எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்று: இவருக்கு ஒன்றும் வரவில்லை. வராததைவிட, அதை மறைக்கிறார் என்பதுதான் பெரிதாகக் காதில் விழுந்தது.

சரி, உண்மையைச் சொன்னால் ஆள் போய்விடுவாரே? சிலர் போவார்கள். நான் முதல் தடவை உண்மையைச் சொன்னது ஒரு பள்ளி ஆசிரியையிடம். “போன மாசம் கமிஷன் வந்தது, ஆனா என் செலவைக் கழிச்சா மிச்சம் ரொம்பக் கொஞ்சம்” என்று இழுத்து இழுத்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “பின்னே ஏன் செய்றீங்க?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் தயாராகவே இல்லை. வருமானக் கேள்விக்குப் பின்னால் எப்போதும் அது ஒளிந்திருக்கிறது, பயிற்சிக் கூட்டங்களில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ‘பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது, 20 பேர் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள், இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்று இருக்கிறேன்’ என்று உங்களால் சொல்ல முடிந்தால், அது யாரும் மதிக்கிற பதில். ‘இவ்வளவு போட்டுவிட்டேன், விட மனசு வரவில்லை’ என்பதுதான் உண்மையான பதில் என்றால், அடுத்த ஆளைப் பார்க்கப் போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து அதை நீங்கள் யோசிக்க வேண்டும். எதிரில் இருப்பவருக்குச் சொல்வதற்காக அல்ல, உங்களுக்காக.

அந்த ஆசிரியை சேரவில்லை. அவர் தங்கை இன்றுவரை என் வாடிக்கையாளர்.

கே: என் வங்கிக் கணக்கில் விழுகிற தொகையைச் சொன்னால் அது பொய் ஆகாதே?

ப: ஆகாது. ஆனால் கேட்டவர் கேட்டது அதை இல்லை. ஒரு வண்டி ஓட்டுநர் நாள் முழுக்க வாங்கிய கட்டணத்தை ‘என் வருமானம்’ என்று சொன்னால், எரிபொருள் போக எவ்வளவு என்று நாம் கேட்போமா மாட்டோமா?

என்னிடம் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கிறது. ஐந்தாவது வருடத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். இடது பக்கம் வரவு, வலது பக்கம் போக்கு. கம்பெனியிலிருந்து 100 வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருட சராசரியில் அதில் 38, கமிஷனுக்கான தகுதி போகாமல், மாதம் தவறாமல் பாயிண்டைக் காட்டி ஆக்டிவாக இருப்பதற்காக நானே வாங்கிய பொருள்களுக்குப் போயிருக்கிறது. நியாயமாகச் சொன்னால் அதில் பாதி நான் எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய பொருள்தான், அதனால் 19 என்று வைப்போம். பயணமும் போனும் 17. மீட்டிங் கட்டணம், பயிற்சி முகாம், அவற்றுக்காக வெளியூரில் தங்கியது 21. சாம்பிளாகக் கொடுத்தது, ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போனவர்களால் என் தலையில் விழுந்தது 9. வரி தனி. கையில் நின்றது 34. அதற்கு நான் செலவழித்த நேரம் வாரத்துக்கு 25 மணி. மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

இன்னொன்றும் பிரித்துச் சொல்லுங்கள். நீங்களே பொருள் விற்றதில் கிடைத்த லாபம் ஒன்று, டீம் வாங்கியதில் வருகிற கமிஷன் வேறொன்று. புதிதாக வருகிறவருக்கு முதல் நாளிலிருந்து கிடைக்கக்கூடியது முதலாவது மட்டும். இரண்டாவதற்கு அவருக்குக் கீழே ஆள் வேண்டும். இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகச் சொன்னால், அவர் மனதில் அது தனக்கும் அடுத்த மாதமே வரும் என்று பதிந்துவிடும்.

அப்புறம், எந்த மாதம் என்பது. நல்ல மாதத்தைச் சொல்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. கேட்டால் 12 மாதத்தைக் கூட்டி 12-ஆல் வகுத்துச் சொல்லுங்கள். ஒரு வருடம் ஆகவில்லையா, எத்தனை மாதம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கே: ஒரு மருத்துவரிடம் போய் ‘உங்கள் மாத வருமானம் என்ன’ என்று யாராவது கேட்பார்களா? கடைக்காரரிடம் கேட்பார்களா? என்னிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள்? இது மரியாதைக் குறைவு இல்லையா?

ப: மருத்துவர் உங்களுக்கு விற்பது மருத்துவம். உங்களிடம் சோப்பு வாங்க வந்தவர் உங்கள் வருமானத்தை ஒருநாளும் கேட்கமாட்டார், சோப்பு நுரைக்குமா என்றுதான் கேட்பார். ‘என்னைப்போல நீங்களும் சம்பாதிக்கலாம்’ என்று ஆரம்பித்த அந்த நிமிடமே நீங்கள் விற்கிற சரக்கு உங்கள் வருமானம் ஆகிவிட்டது. சரக்கைக் காட்டச் சொல்கிறார். இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

சொல்ல விருப்பமில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. பொருளை மட்டும் விற்கலாம்.

கே: பேஅவுட், அதாவது கமிஷன் பணம் வந்த அன்று அதன் ஸ்கிரீன்ஷாட்டை ஸ்டேட்டஸில் போடச் சொல்கிறார்கள். எனக்கு வந்தது சின்னத் தொகை என்பதால் லீடருடையதை எல்லோருமாகப் போடுகிறோம். ‘இது வருமான நிரூபணம், சட்டப்படி தப்பில்லை’ என்கிறார்கள். உண்மையா?

ப: ஒரே ஆளின் ஸ்கிரீன்ஷாட்டை 60 பேர் போட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு 60 பேர் சம்பாதிப்பது போலத் தெரியும். அதற்காகத்தான் போடச் சொல்கிறார்கள். அந்தப் படத்தில் இருக்கிற தொகை உண்மையாகவே இருக்கலாம். அது ஒரு வாரத்துக்கா, ஒரு மாதத்துக்கா, கணவன் மனைவி இரண்டு ஐடியும் சேர்த்தா, அதில் எவ்வளவு மறுபடி பொருளாக வாங்கப் போகிறது, இதெல்லாம் படத்தில் இருக்காது. என் லீடர் ஒருவர் காட்டிக்கொண்டிருந்தது 3 வருடத்துக்கு முந்தைய காசோலையின் நகல் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது, தேதி இருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருப்பார்.

சட்டத்துக்கு வருவோம். மீட்டிங்கில் நீங்களும் கேட்டிருப்பீர்கள்: ‘ஆம்வே பிரமிடு இல்லை என்று 1979-லேயே அமெரிக்காவில் கோர்ட் சொல்லிவிட்டது, அதனால் இந்தத் தொழிலே சட்டபூர்வம்.’ ஆம்வே ஒரு பெரிய நெட்வொர்க் நிறுவனம்; பிரமிடு என்றால் ஆள் சேர்ப்பதிலேயே பணம் சுற்றுகிற மோசடி. சொன்னது கோர்ட் இல்லை, எஃப்.டி.சி. என்கிற ஃபெடரல் டிரேட் கமிஷன், வர்த்தகத்தைக் கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பு. பிரமிடு இல்லை என்று சொன்னது உண்மை. அதே உத்தரவில், விநியோகஸ்தர்களுக்குக் கிடைக்கக்கூடிய வருமானத்தை மிகைப்படுத்திச் சொன்னது தவறு என்றும் கமிஷன் முடிவு செய்தது. சராசரிக்கு மேற்பட்ட வருமானத்தைச் சொன்னால், உண்மையான சராசரியையோ எத்தனை சதவீதம் பேர் அந்த அளவை எட்டினார்கள் என்பதையோ கூடவே சொல்ல வேண்டும் என்று கட்டளையும் போட்டது. தொழிலைக் காப்பாற்றிய தீர்ப்பு என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிற அந்தத் தாளிலேயே உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. 11 வருடத்தில் ஒரு மேடையிலும் அந்தப் பாதியை நான் கேட்டதில்லை.

2016-ல் ஹெர்பலைஃப் என்கிற இன்னொரு நெட்வொர்க் நிறுவனம் அதே கமிஷனுடன் 20 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அடுத்த வருடம் அந்தப் பணத்திலிருந்து, நஷ்டப்பட்ட ஏறத்தாழ 3,50,000 பேருக்குக் காசோலை போனது. வேலையை விட்டுவிடலாம், ஆடம்பரமாக வாழலாம் என்கிற மாதிரி ஆசை காட்டக்கூடாது என்பதும் அந்த உத்தரவில் ஒரு நிபந்தனை. இந்தியாவில் 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, நிறுவனம் ஒப்புதல் தராத எந்தப் பிரசுரத்தையும் சேர வருகிறவரிடம் விற்பனையாளர் கொடுக்கக்கூடாது. லீடரின் ஸ்கிரீன்ஷாட்டுக்கு நிறுவனத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். எழுத்தில் பதில் வராது என்று நினைக்கிறேன்.

வருமானம் பற்றிய பேச்சில் காட்ட வேண்டிய தாள் வேறு. சில நிறுவனங்கள் வருடா வருடம் ‘இன்கம் டிஸ்க்ளோஷர்’ என்று ஓர் அறிக்கை வெளியிடுகின்றன: எந்த ரேங்கில் எத்தனை சதவீதம் பேர், அவர்களுக்குச் சராசரி எவ்வளவு. உங்கள் நிறுவனத்துக்கு இருந்தால் அதைக் காட்டுங்கள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2024-ல் எஃப்.டி.சி. ஊழியர்கள் 70 நிறுவனங்களின் அறிக்கைகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். பலவற்றில் ஒன்றும் சம்பாதிக்காதவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, பெரும்பாலானவற்றில் செலவைக் கழிக்கவில்லை. அப்படி இருந்தும், அந்த நிறுவனங்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது வருடத்துக்கு 1,000 டாலரோ அதற்கும் குறைவோதான். மாதத்துக்கு 84 டாலர்கூட வரவில்லை. குறைந்தது 17 நிறுவனங்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

உங்களுக்கு வந்தது சின்னத் தொகை என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். பார்த்தீர்களா, உங்கள் ஸ்கிரீன்ஷாட்தான் வழக்கமான ஸ்கிரீன்ஷாட்.

கே: என் நிலை வேறு. எனக்கு உண்மையிலேயே நன்றாக வருகிறது, 9 வருட உழைப்பு. தொகையைச் சொன்னால் பீற்றிக்கொள்கிறேன் என்கிறார்கள், சொல்லாவிட்டால் மறைக்கிறேன் என்கிறார்கள். சொந்தக்காரர்களிடம் சொன்னால் கடன் கேட்டு வந்துவிடுகிறார்கள்.

ப: கடன் கேட்கிற சொந்தக்காரர்களுக்கு மருந்து என்னிடம் இல்லை. மற்றதைப் பேசலாம்.

தொகையைத் தனியாகச் சொல்லாதீர்கள். ‘9 வருடம், முதல் 3 வருடம் இவ்வளவுதான், இப்போது இவ்வளவு, என் டீமில் இத்தனை பேர்’ என்று நான்கும் சேர்ந்து வரட்டும். அதோடு, ‘என்னோடு சேர்ந்தவர்களில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு என்னளவு வருகிறது’ என்பதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். இந்தக் கடைசி வாக்கியம்தான் நன்றாகச் சம்பாதிப்பவர்களின் வாயில் வராத வாக்கியம்.

ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், பிளானை வரைகிற தாளிலேயே கணக்கு இருக்கிறது. நீங்கள் ஒருவர். உங்களுக்குக் கீழே 5 பேர், அவர்கள் ஒவ்வொருவருக்கும் 5 என்று 25, அடுத்து 125. மொத்தம் 156 வட்டம். யாரும் சோம்பேறி இல்லை, எல்லோரும் சொன்னபடி 5 பேரைச் சேர்த்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கடைசி வரிசையில் இருக்கிற 125 பேருக்குக் கீழே ஒருவரும் இல்லை, அதாவது நூற்றுக்கு 80 பேருக்கு டீம் கமிஷன் கிடையாது. இன்னொரு வரிசை சேர்ந்தால் இவர்களுக்கு வரும், சரி. அப்போது புதிதாக வந்த 625 பேர் அதே இடத்தில் நிற்பார்கள், விகிதம் மாறாது. 5-க்குப் பதில் 6 பேர் என்று போட்டால் 13-வது வரிசையில் 1,306 கோடி பேர் வேண்டும். பூமியில் அவ்வளவு பேர் இல்லை.

உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ‘நான் உழைத்தேன், எனக்கு வந்தது’ என்பது உண்மையாக இருக்கும்போதே, ‘நீங்கள் உழைத்தால் உங்களுக்கும் இதே வரும்’ என்பது அந்தத் தாளின்படி பொய்யாகிவிடுகிறது. எதிரில் இருப்பவர் உங்கள் வீட்டையும் வண்டியையும் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லக் கடமைப்பட்டவர், வேறு யாரையும்விட நீங்கள்தான்.

கே: நான் மறுபக்கத்தில் இருப்பவன். என் மாமா மகன் சேரச் சொல்லி மூன்று வாரமாக வருகிறான். நல்லவன், சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்தோம். மனம் நோகாமல் எப்படி விசாரிப்பது?

ப: ‘எவ்வளவு சம்பாதிக்கிறே?’ என்று கேட்டால் அவன் தன்மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஏதாவது பெரிய தொகையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்களே அவனைப் பொய் சொல்லத் தள்ளிவிடுவீர்கள். ‘வா, இரண்டு பேருமாக உட்கார்ந்து கணக்கைப் பார்க்கலாம்’ என்று கூப்பிடுங்கள். போன 12 மாதத்தில் வந்ததும் போனதும் ஒரு தாளில். அதில் வந்த பணம் யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள். பிளானிலேயே சேராத, பொருள் பிடித்ததால் வாங்குகிற வெளியாள்கள் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்லுங்கள். ஒருவர்கூட இல்லை, வாங்குகிறவர்கள் எல்லோரும் சேர்ந்தவர்களே என்றால், அவன் வருமானம் என்று நினைப்பது அடுத்து வருகிறவர் போடுகிற பணம். 1975-ல் காஸ்காட் என்கிற ஒப்பனைப் பொருள் நிறுவனத்தின் வழக்கில் எஃப்.டி.சி. பிரமிடுக்கு வகுத்த இலக்கணமும் சுருக்கமாக இதுதான்: உண்மையான பயனாளிக்குப் பொருள் விற்பதோடு சம்பந்தமில்லாமல், ஆள் சேர்த்ததற்குக் கிடைக்கிற பணம்.

விற்காத பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வருமா, எத்தனை நாளுக்குள், எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் கேளுங்கள். இதற்கு அவனுக்கே பதில் தெரியாமல் இருக்கும். தெரிந்துகொள்வது அவனுக்கும் நல்லது.

எல்லாம் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் ஒரே தடவையில் ‘வேண்டாம்டா’ என்று சொல்லிவிடுங்கள். ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்பது அவன் லிஸ்டில் உங்களை இன்னும் 6 மாதத்துக்கு வைத்திருக்கும். உங்களுக்கு அது நாகரிகம், அவனுக்கு அது நம்பிக்கை.

கே: குடும்ப விசேஷங்களில் எல்லோர் முன்னாலும் ‘என்னப்பா, இன்னும் கோடீஸ்வரன் ஆகலையா?’ என்று கிண்டல் செய்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

ப: “இன்னும் இல்லை மாமா.” சொல்லிவிட்டுச் சிரியுங்கள். அது கேள்வியே இல்லை.

கே: இரண்டு வருடத்துக்கு முன் ஒருவரிடம் என் வருமானத்தை மூன்று மடங்கு கூட்டிச் சொன்னேன். அதை நம்பிச் சேர்ந்தார். அவருக்கு நஷ்டம். நான் போன வருடமே வெளியே வந்துவிட்டேன். தெருவில் பார்த்தால் அவர் சாதாரணமாகத்தான் பேசுகிறார், எனக்குத்தான் முகம் பார்க்க முடியவில்லை. இப்போது சொல்வதால் என்ன பயன் என்றும் தோன்றுகிறது.

ப: உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் மூன்றாவது வருடத்தில் ஒரு மாதம் எனக்குப் பெரிய தொகை வந்தது. டீமில் ஒருவர் மொத்தமாகச் சரக்கு எடுத்ததால் வந்தது, அதற்கு முன்னும் பின்னும் அதில் கால்வாசிகூட வந்ததில்லை. அந்த ஒரு மாதச் சீட்டை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் சுற்றினேன். அதைப் பார்த்துச் சேர்ந்தவர்களில் ஒருவர் எனக்குத் துணி தைத்துக் கொடுக்கிற அக்கா. “மாசா மாசமா இது?” என்று கேட்டார். நான் ஆமாம் என்று வாயால் சொல்லவில்லை, தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை என்பதை வைத்துக்கொண்டு பல வருடம் என்னை நானே சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

அவர் கடன் வாங்கிச் சரக்கு எடுத்தார். 14 மாதம் கழித்து அந்தப் பெட்டிகள் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தன, மேலே துணி விரித்து அதன்மேல் நூல்கண்டு டப்பாவை வைத்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனக்குத்தான் விற்கத் தெரியவில்லை, எனக்கு வருகிற மாதிரி தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். உங்கள் ஆளும் சாதாரணமாகப் பேசுகிறார் என்றீர்களே, அதனால்தான் இதை எழுதினேன். உங்கள் பொய்யால் அவருக்குப் போனது பணம் மட்டும் என்று நினைக்காதீர்கள். தன்னால்தான் முடியவில்லை என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கலாம். இப்போது சொல்வதால் என்ன பயன் என்றால், இதுதான்.

நான் நீல நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். மன்னிப்பு எல்லாம் கேட்டு அழுது ஆர்ப்பாட்டம் செய்யக்கூடாது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன், அழுதால் அவர்தான் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். நோட்டை நேரடியாகக் கையில் கொடுத்தேன். அவர் விரலை வைத்து மாதம் மாதமாக இறங்கினார். அந்தப் பெரிய தொகை வந்த வருடம் நோட்டில் இல்லை, அப்போது எழுதும் பழக்கம் இல்லை. அதனால் அந்த ஒரு பக்கத்தை வங்கிப் புத்தகத்தைப் பார்த்துத் தனியாக எழுதி ஒட்டியிருந்தேன். “அப்ப நீயும் நஷ்டத்துலதான் இருந்தியா?” என்றார். அந்த வருடம் 5 மாதம் என்றேன். “தலையாட்டினியே” என்றார். ஆமாம் என்றேன்.

அப்புறம் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தோம். 23 பொருள்களில் 9-க்குத்தான் தேதி மீதம் இருந்தது. அதைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்ப வழி இருந்தது, ஒரு பகுதி கழித்துக்கொண்டு பணம் கொடுத்தார்கள். மற்ற 14-இன் விலையை நான் தவணையாகக் கொடுத்தேன், 8 மாதம் ஆயிற்று. அதைச் செய்துதான் ஆக வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை, உங்கள் வசதி எனக்குத் தெரியாது. கணக்கைக் காட்டுவதற்கு வசதி தேவையில்லை. அவர் வீட்டில் பிரிக்காத சரக்கு இருந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டதா என்று போவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள், வெறுங்கையோடு போனதுபோல இருக்காது.

அப்புறம் ஒன்று. போன் செய்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொல்லாமல் போய், அவர் பிளவுஸ் கொடுக்க வெளியே போயிருந்ததால், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை எழுந்து போகப் பார்த்தேன்.